முதுகுக்குள் ஒரு தந்தியாபீசு

(வாலிநோக்கத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



இக்கூட்டத்தைக் கூட்டிய வாலிபர்கள் நமக்குக் கடிதம் எழுதியபோது, "எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசுங்கள், ஆனால் ஊரில் சண்டை வராமல் பேசுங்கள்" என்பதாக எழுதியிருந்தார்கள். ஆதலால் முதுகெலும்பைப் பற்றிப் பேசுவதென்று தீர்மானித்து வந்திருக்கிறோம். முதுகெலும்பு எல்லா மதத்தாருக்கும் உண்டு. பிறக்கும்போது எல்லாருக்கும் 33 துண்டுதான். முகத்தில் பிறந்ததாய்ச் சொல்லிக் கொள்ளுகிறவருக்கு இரண்டு துண்டு கூடவும், காலில் பிறந்ததாய்ச் சொல்லப்பட்டவருக்கு இரண்டு துண்டு குறையவும் இல்லை. இதில் சண்டை வருவதற்கு என்ன இருக்கிறது? ஆனாலும் பேசி முடிப்பதற்குள் கொஞ்சம் வந்தாலும் வரலாம். அதற்கு நாம் ஜவாப்தாரியல்ல.

முதலில் ஒரு சங்கதியைச் சொல்லிவிடுகிறோம். சுமார் இருபது வருஷத்துக்கு முன்பு, இதே கரையில் சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடு ஒன்றில் நாம் நின்று கொண்டிருந்தோம். பதநீர் இறக்கிக் கொண்டிருந்த ஒரு பனையேறி, பாளை சீவும்போது பிடி தவறி விழுந்துவிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தோம். நினைவு இருந்தது, பேசினார், தண்ணீர் கேட்டார், காலைப் பார்த்தால் பெருவிரல் அசைந்தது. நாம் கண்ணால் கண்டோம். அப்புறம் என்ன செய்தோம்? இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். இரண்டு பேர் காலைப் பிடித்தார்கள். நடு உடம்பு தொட்டிலைப் போல் வளைந்து தொங்கத் தூக்கிக் கொண்டு, கயிற்றுக் கட்டிலில் போட்டோம். காலைப் பிடித்த இரண்டு பேரில் ஒருவர் நாம்தான். கட்டிலில் போட்ட பிறகு பெருவிரல் அசையவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனார்களா என்றால் அதுவும் உடனே இல்லை. பனையில் முனி இருந்து தள்ளிவிட்டது என்று ஒருவன் சொல்ல, மூன்று நாள் வேப்பிலையும் கயிறும் திருநீறுமாய்ப் போயிற்று. காலில் ஊசியால் குத்தினால் தெரியவில்லை; "முனி காலைப் பிடித்துக் கொண்டிருக்கிறது" என்றான். அந்த அம்மாளிடம், "முன் ஜென்மத்தில் செய்த பாவம்" என்று ஊரே சொல்லிற்று. பதினோராம் மாதம் முதுகில் புண் வைத்து, புண்ணில் சீழ் வைத்து அவர் இறந்து போனார். முன் ஜென்மத்தில் அவர் என்ன செய்தார் என்று நமக்குத் தெரியாது. இந்த ஜென்மத்தில் நாம் பிடித்த பிடி நமக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான், பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்றவராகிய நாம், இந்த முதுகுக்குள் என்னதான் இருக்கிறது என்று புத்தகம் தேடிப் படிக்க ஆரம்பித்தோம்.

என்ன இருக்கிறது? எலும்புத் துண்டுகளைக் கோர்த்தாற்போல் இருக்கும் குழாய்க்குள் தண்டுவடம் என்கிற ஒரு நரம்புக் கயிறு இருக்கிறது. நீளம் சுமார் 45 சென்டிமீட்டர். அதாவது நம் கணக்கில் ஒரு முழம். தடிமன் சுண்டு விரல் அளவு. மூளையிலிருந்து இறங்கி இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. இதிலிருந்து வலமும் இடமுமாய் 31 ஜோடி நரம்புகள் புறப்பட்டு உடம்பு முழுவதும் போகின்றன. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தோடு சேருகிற இடத்தில் இரண்டு வேராய்ப் பிரிகிறது. முதுகுப் பக்கத்து வேர் வழியாய்ச் சேதி உள்ளே வருகிறது; வயிற்றுப் பக்கத்து வேர் வழியாய்க் கட்டளை வெளியே போகிறது. பிரான்சு தேசத்து மஜாந்தி என்பவர் 1822 இல் நாய்க்குட்டிகளில் இதைச் சோதித்துக் காட்டினார். ஆயிரக்கணக்கான வருஷமாய்க் குண்டலினி என்றும், பாம்பு சுருண்டு படுத்திருக்கிறது என்றும், ஆறு தாமரை மலர்ந்திருக்கிறது என்றும் முதுகுத் தண்டைப் பற்றிச் சொல்லி வந்தவர்களில் ஒருவராவது வரும் வழி எது, போகும் வழி எது என்று பார்த்துச் சொன்னதுண்டா?

இனிமேல் கொஞ்சம் கவனித்துக் கேளுங்கள். நாளைக் காலையில் நீங்கள் உப்பளத்துக்குப் போகிறீர்கள். வழியில் சீமைக் கருவேல முள்ளை மிதித்துவிடுகிறீர்கள். என்ன நடக்கிறது? காலைத் தூக்கிவிடுகிறீர்கள். "ஐயோ" என்று சொல்லிவிட்டுத் தூக்குகிறீர்களா, தூக்கிவிட்டுச் சொல்லுகிறீர்களா? யோசித்துப் பாருங்கள். தூக்கின பிறகுதான் சொல்லுகிறீர்கள். வலி தெரிவதற்கு முன்பே கால் எழும்பிவிடுகிறது. யார் எழுப்பினார்கள்? மூளைக்கு இன்னும் சேதியே போய்ச் சேரவில்லை!

உள்ளங்கால் தோலில் நரம்பு நுனிகள் இருக்கின்றன. அந்த நுனிக்கு உரிய நரம்பணு காலில் இல்லை. முதுகெலும்பின் பக்கத்தில் ஒரு சிறு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு கையை உள்ளங்கால் வரையில் நீட்டியிருக்கிறது; மற்றொரு கையைத் தண்டுவடத்துக்குள் விட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரே அணு. நீளமோ ஒரு மீட்டருக்கு மேல். முள் குத்தினவுடன் நுனியிலே ஒரு சிறு மின்சாரத் துடிப்பு உண்டாகி ஓடி வருகிறது. இந்த மின்சாரத்துக்கு மூலப்பொருள் என்ன தெரியுமா? உப்பு! உப்பில் இருக்கிற சோடியம் நரம்பின் சுவரிலுள்ள சின்னச் சின்னக் கதவுகள் வழியாய்ப் பாய்ந்து உள்ளே நுழைவதுதான் அந்தத் துடிப்பு. இதைக் கண்டுபிடித்தவர்கள் இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் என்றால், உங்கள் வலையில் விழுகிறதே ஊசிக் கணவாய், அந்த இனத்தின் தடித்த நரம்பை வைத்து. 1952 இல் எழுதி வெளியிட்டார்கள். 1963 இல் நோபல் பரிசு கிடைத்தது. உப்பும் கணவாயும் நம்மிடம் ஏராளமாய் இருந்தன. நாம் உப்பைச் சுற்றிப் போட்டுத் திருஷ்டி கழித்துக் கொண்டிருந்தோம்.

சேதி வருகிற கம்பிகளும் ஒரே மாதிரியல்ல. தொட்டால் தெரிவதற்கு இருப்பது தடித்த கம்பி; மேலே கொழுப்பு உறை சுற்றியது; வினாடிக்கு ஐம்பது மீட்டர் வேகத்துக்கும் மேலே ஓடும். சுருக்கென்ற வலிக்கு மெல்லிய உறையுள்ள கம்பி. வினாடிக்குப் பத்து, இருபது மீட்டர். எரிச்சலுக்கும் கடுப்புக்கும் உறையே இல்லாத மிக மெல்லிய கம்பி. வினாடிக்கு ஒரு மீட்டர்தான். அதனால்தான் முள் குத்தினால் முதலில் சுருக்கென்கிறது. ஒரு மூச்சு விட்ட பிறகு கடுகடுவென்று எரிகிறது. இது உங்கள் அனுபவத்தில் இருக்கிறதா இல்லையா? வீட்டுக்குப் போய்க் காலை இடித்துப் பார்த்துக் கொள்ளுங்கள். நாம் சொல்வதற்காக நம்ப வேண்டாம்.

இந்தக் கம்பிகள் எல்லாம் வந்து சேருகிற இடத்தைத்தான் தந்தியாபீசு என்கிறோம். தந்தி 2013 இல் நின்று போய்விட்டது. இளைஞர்களுக்கு அது தெரியாமல் இருக்கலாம். அந்தக் காலத்தில் ஒரு தந்தி ஊர்விட்டு ஊர் நேராய்ப் போய்விடாது. நடுவில் ஓர் ஆபீசில் ஒரு குமாஸ்தா வாங்கி, மறுபடியும் தட்டி அனுப்ப வேண்டும். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் வண்ணத்துப் பூச்சி மாதிரி சாம்பல் நிறமாயிருக்கும்; சுற்றிலும் வெள்ளை. சாம்பல் நிறம் குமாஸ்தாக்கள், அதாவது நரம்பணுக்கள். வெள்ளை என்பது மேலும் கீழும் போகிற கம்பிகள். பூச்சியின் முதுகுப் பக்கத்து இறக்கைதான் சேதி வாங்குகிற இடம். சுவீடன் தேசத்து ரெக்ஸெட் என்பவர் 1952 இல் பூனையின் தண்டுவடத்தைச் சோதித்து, இந்தச் சாம்பல் பகுதி பத்து அடுக்காய் இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். மேல் அடுக்குகளில் வலியும் சூடும் வந்து இறங்குகின்றன. தொடுகை அதற்குக் கீழே. வந்த கம்பியும் வாங்குகிற அணுவும் ஒட்டிக் கொண்டிருப்பதில்லை. நடுவில் ஓர் இடைவெளி. அதைத் தாண்டுவது மின்சாரமல்ல, மருந்து மாதிரி ஒரு ரசம். முக்கியமானது குளூட்டமேட் என்பது; கடைச் சோற்றில் ருசிக்குத் தூவுகிற அஜினமோட்டோவில் இருப்பதும் அதே சரக்குத்தான்.

சேதி வந்தவுடன் குமாஸ்தா மூன்று வேலை செய்கிறான். அவசரச் சேதியானால் மேலிடத்து உத்தரவுக்குக் காத்திராமல் பக்கத்து அணுவைத் தட்டிக் காலைத் தூக்க வைக்கிறான். ஒரு காலைத் தூக்கினால் ஆள் விழுந்துவிடுவானே என்று, மற்றக் காலை விறைத்து நிற்கச் சொல்லி எதிர்ப்பக்கத்துக்கும் ஒரு சேதி போகிறது! இதை விளக்கிய ஷெரிங்டனுக்கு 1932 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. கழுத்தறுத்த கோழி துடித்து ஓடுகிறதே, அதுவும் இந்த ஆபீசு வேலைதான். தலை அங்கே கிடக்கிறது. ஆத்மா எந்தப் பாதியில் இருக்கிறதென்று கேட்டால் எந்த சாஸ்திரியாலும் சொல்ல முடியாது.

இரண்டாவது வேலை, மேலிடத்துக்கு நகல் அனுப்புவது. இதில் ஒரு விசித்திரம். தொடுகைச் சேதி வந்த பக்கத்திலேயே மேலே ஏறி, மூளையின் அடிவாரத்தில் பக்கம் மாறுகிறது. வலியும் சூடுமோ தண்டுவடத்துக்குள்ளேயே குறுக்கே கடந்து எதிர்ப்பக்கமாய் ஏறுகின்றன. ஆகவே தண்டுவடத்தில் பாதி மட்டும் வெட்டுப்பட்டால், வெட்டுப்பட்ட பக்கத்துக் காலை அசைக்க முடியாது. வலியோ அடுத்த காலில் தெரியாது! இதைக் கண்டு சொன்னவர் பிரவுன் செக்கார். நம் ஜனங்கள் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறிப் போனார்களே மொரீசியஸ் தீவு, அங்கே 1817 இல் பிறந்தவர். ஒரு கால் அசையவில்லை, மறு கால் சுடவில்லை என்று ஓர் ஆள் வந்தால் நம்மூர்ப் பூசாரி இரண்டு பேய் என்று கணக்குப் போடுவான். இரண்டு கோழியும் கேட்பான். டாக்டரோ ஒரே வெட்டு, இந்த இடத்தில் என்று விரலை வைத்துக் காட்டுகிறார்.

விரலை எப்படி வைக்கிறார்? ஒவ்வொரு ஜோடி நரம்புக்கும் தோலில் ஒரு சரகம் உண்டு. கர்ணம் கிராம எல்லை பிரித்த மாதிரி. மார்புக் காம்பு நான்காவது நெஞ்சு நரம்பின் சரகம், தொப்புள் பத்தாவது. ஒரு குண்டூசியை வைத்துக் கொண்டு கீழிருந்து மேலே குத்திக் கொண்டே வந்தால், எங்கே தெரிய ஆரம்பிக்கிறதோ அதற்கு நேரான ஆபீசுக்குக் கீழே கம்பி அறுந்திருக்கிறது. அந்தப் பனையேறிக்கு முனி பிடித்தது என்றவன் கையிலும் ஊசிதான் இருந்தது; டாக்டர் கையிலும் ஊசிதான் இருந்தது.

இந்தக் குமாஸ்தா ஏமாறவும் செய்வான். நம் ஜில்லாவின் முண்டு மிளகாய்க்கு 2023 இல் சர்க்கார் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அந்த மிளகாயைக் கிள்ளின விரல் ஏன் நெருப்புப் பட்டது போல் எரிகிறது? சுமார் 43 டிகிரிச் சூட்டில் திறக்கிற ஒரு கதவு நரம்பு நுனியில் இருக்கிறது. மிளகாய்க் காரமும் அதே கதவைத் திறக்கிறது. 1997 இல் இதைக் கண்ட ஜூலியஸ் என்பவர் 2021 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டார். கம்பியில் வருவது துடிப்புத்தான். நெருப்பா மிளகாயா என்று அதில் எழுதியிருப்பதில்லை. இன்னொரு ஏமாற்றம் உயிருக்கே ஆபத்தானது. இதயத்திலிருந்து வரும் கம்பியும் இடது கையின் உட்புறத்திலிருந்து வரும் கம்பியும் ஒரே குமாஸ்தாவிடம் வந்து சேருகின்றன. இதயத்துக்கு இரத்தம் போகாமல் அது கதறும்போது, மேலிடம் "கையில் வலி" என்று எடுத்துக் கொள்ளுகிறது. நாம் "வாயு" என்று சோடா வாங்கிக் கொடுக்கிறோம். நெஞ்சு அடைத்து, இடது கையோ தாடையோ வலித்து, வேர்த்துக் கொட்டினால் சோடாக் கடைக்குப் போகாதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூன்றாவது வேலைதான், சண்டை வரலாம் என்றோமே, அந்த இடம். குமாஸ்தா எல்லாச் சேதியையும் அனுப்புவதில்லை. சிலதை அடக்கி வைக்கிறான். முழங்காலை இடித்துக் கொண்ட குழந்தையைத் தாயார் தடவிக் கொடுக்கிறாள், வலி குறைகிறது. ஏன்? தடவுகிற சேதி தடித்த கம்பியில் வந்து, தண்டுவடத்திலுள்ள சிறு அணுக்களைக் கிளப்பி, வலிச் சேதியை அமுக்கச் சொல்லுகிறது. மெல்சாக், வால் என்ற இருவர் 1965 இல் இதற்கு "வாசற்கதவு" என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் போட்ட படத்தில் சில கோடுகள் தவறென்று பின்னால் தெரிந்தது. விஞ்ஞானி தன் தவறைத் திருத்திக் கொள்ளுகிறான். ஆனால் கதவு இருப்பது நிஜம். தேள் கொட்டினவனுக்கு மந்திரிக்கிறவன் வேப்பிலையால் மேலிருந்து கீழாகத் தடவிக் கொண்டேதானே மந்திரிக்கிறான்? தடவாமல் தூர நின்று மந்திரித்துக் காட்டச் சொல்லுங்கள்! வலி கொஞ்சம் தணிந்தால் வேலை செய்தது வேப்பிலை பட்ட தோல். தட்சணை வாங்கினது வாய். அதோடு போனாலும் பாதகமில்லை. செந்தேள் கொட்டின குழந்தைக்கு வலி தணிந்தாலும் விஷம் இதயத்தைத் தாக்கும். மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த டாக்டர் பவாஸ்கர், பிராசோசின் என்ற மலிவான மாத்திரையால் அந்தக் குழந்தைகளைப் பிழைக்க வைக்கலாம் என்று 1980களிலேயே எழுதிவிட்டார். குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓடுவதற்குப் பதில் வேப்பிலைக்காரன் வாசலில் உட்கார்ந்திருந்தால் யார் பழி?

மேலிருந்தும் கதவைச் சாத்தலாம். மூளை கிளர்ச்சியில் இருக்கும்போது கீழ்நோக்கி உத்தரவு வந்து, தண்டுவடத்திலேயே அபினி போன்ற ஒரு சரக்குச் சுரக்கிறது. 1975 இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடித்தார்கள். அலகு குத்திக் கொள்ளுகிறவரும், மொகரத்தில் மார்பில் அடித்துக் கொள்ளுகிறவரும், பூக்குழி இறங்குகிறவரும் பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்களுக்கு வலி குறைவாய்த்தான் தெரிந்திருக்கும். 1944 இல் இத்தாலியில் ஆன்சியோ போர்க்களத்தில் படுகாயம் பட்டுக் கிடந்த சிப்பாய்களைப் பார்த்த பீச்சர் என்ற டாக்டர், அவர்களில் முக்கால்வாசிப் பேர் வலிக்கு மருந்தே வேண்டாம் என்றதாய் எழுதியிருக்கிறார். அந்தச் சிப்பாய்களுக்கு எந்த மாரியாத்தாள் வந்து இறங்கினாள்?

சரி, தண்டுவடம் முறிந்தவரின் கதி என்ன? முன்பெல்லாம் உலகம் முழுவதும் சாவுதான். கம்பி அறுந்ததால் சாகவில்லை, புண்ணால் செத்தார்கள். ஒரே பக்கமாய்ப் படுத்தால் நமக்கு வலிக்கிறது. தூக்கத்திலேயே புரண்டு கொள்ளுகிறோம். அவருக்கு அந்தச் சேதி மேலே போவதில்லை, புரளச் சொல்ல ஆளில்லை, தோல் அழுகுகிறது. 1944 இல் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்ற டாக்டர், இரண்டு மணிக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் போடும்படி ஏற்பாடு செய்தார். இராப்பகல் புரட்டினார்கள். ஜனங்கள் பிழைத்தார்கள்! நம் பனையேறிக்கு வேண்டியிருந்ததும் இவ்வளவுதான். மூன்று நாள் வேப்பிலை அடிக்க ஆள் இருந்தது, இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்ட ஆள் இல்லை.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற டாக்டரம்மாள், 1954 இல் மோட்டார் விபத்தில் தண்டுவடம் நசுங்கிக் கால் இரண்டும் போய்விட்டது. அந்த அம்மாள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, குஷ்டத்தால் மடங்கிப் போன கைகளுக்கு ஆப்பரேஷன் செய்தார். குஷ்டரோகிக்கு விரல் குறைவது பாவத்தாலல்ல, ஏன், மாமிசம் அழுகிக்கூட அல்ல, தோலிலிருந்து வருகிற முதற்கம்பியே கெட்டு வலி தெரியாமல் போனதால் சுட்டும் வெட்டியும் கொள்ளுகிறான் என்று அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் பிராண்ட் காட்டியிருந்தார். நடுக்கம்பி போன அம்மாள் முதற்கம்பி போனவர்களின் கையை நிமிர்த்தினார்! 1966 இல் அங்கே மறுவாழ்வு நிலையமும் அவர் முயற்சியால் திறந்தாயிற்று. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி இராமகிருஷ்ணன், இன்ஜினீயரிங் மாணவர், 1975 இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனார். 1981 இல் அமர் சேவா சங்கத்தை ஆரம்பித்தார். பெயர் சாமி பெயரென்று நினைக்காதீர்கள். தமக்கு வைத்தியம் பார்த்த அமர்ஜித் சிங் சாகல் என்ற டாக்டரின் பெயர். அறுந்த தண்டுவடத்தைப் பழையபடி ஒட்டும் வித்தை இன்னும் வரவில்லை. சுவிட்சர்லாந்தில் 2018 இல் தண்டுவடத்தின் மேல் மின்கம்பி பொருத்திச் சிலரை நடக்க வைத்திருக்கிறார்கள். அது நம் பனங்காட்டுக்கு எப்போது வருமோ! நம் கையில் இருப்பது, அறுபடாததை அறுக்காமல் இருப்பது.

ஆதலால் பேச்சு போதும். ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து கிடந்தால் உட்கார வைக்காதீர்கள், வளைக்காதீர்கள், தலையைத் திருப்பாதீர்கள். 108க்குச் சொல்லியனுப்பிவிட்டு, வண்டி வருகிற மட்டும் கிடந்தபடியே கிடக்கட்டும். இராமநாதபுரத்தில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வண்டி வரவே முடியாத பனங்காடானால் ஒருவர் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடிக்க வேண்டும். மூன்று பேர் ஒரே பக்கத்தில் மண்டியிட்டு, தோளையும் இடுப்பையும் முழங்காலையும் ஒரே சமயத்தில், உத்திரக் கட்டையை உருட்டுகிற மாதிரி உருட்ட வேண்டும். பின்னால் பலகையைத் தள்ளி, அதன்மேல் மல்லாத்தித் துண்டால் கட்ட வேண்டும். மேடைக்குப் பின்னால் ஒரு பழைய கதவுப் பலகை கொண்டு வந்து வைத்திருக்கிறோம். பனை ஏறுகிற தோழர்கள் நான்கு பேர் முன்னால் வாருங்கள். அம்மா, நீங்களும் வரலாம். விழுந்தவராக நாம் படுத்துக் கொள்ளுகிறோம்.